பிறந்த மண்ணும் பிரசாவுரிமையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியிலே, தருமபுரத்தையும் விசுவமடுவையும் கடந்து புதுக்குடியிருப்பை நோக்கிச் செல்வோர் உடையார்கட்டு என்னும் ஊரைக் காண்பர். உடையார் என்பது முற்கால நிருவாகத்தில் வழங்கிய ஒரு பதவிப் பெயர். கட்டு என்பது நீரைத் தேக்கும் அணை. குளமும் வயலும் காடும் சூழ்ந்த இப்பகுதியிலும் அயற்கிராமங்களிலும் இன்று வாழ்வோருள் மூவகையினர் உளர். பரம்பரையாக வன்னியிலே வாழ்ந்து வருவோர் ஒரு சாரார். குடியேற்றத் திட்டங்களின் மூலம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து நிலம் பெற்றோர் மற்றொரு சாரார். 1958 ஆம், 1977 ஆம் ஆண்டுகளின் கலவரங்களாலும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிலே பரவிய பட்டினியாலும் மலைநாட்டை விட்டு வந்து, காடு வெட்டிக் கமஞ்செய்தோர் பிறிதொரு சாரார். மூவரும் ஒரே மொழி பேசுவர். ஒரே கோயிலிற் பொங்குவர். ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிட்டுக்கொள்வர். ஆயினும், “நீர் இந்நாட்டுப் பிரசை என்பதற்கு அத்தாட்சி யாது?” என்று உத்தியோகத்தர் ஒருவர் வினவுவாராயின், மூவரும் எடுத்துக்காட்ட வேண்டிய பத்திரம் ஒன்றன்று.

இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று, இன்று அது எவ்வளவில் நிற்கின்றது என்பதை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் சட்டத்தரணிகளாகவும், கிராம அலுவலர்களாகவும், பாடசாலை அதிபர்களாகவும், சமாதான நீதவான்களாகவும் கடமையாற்றுபவர்கள். பத்திரம் தொலைந்த ஒருவர் முதலில் நாடி வருவது இவர்களையே. கடல் கடந்து சென்று பிறநாட்டுப் பிரசைகளாகிவிட்ட பழைய மாணவரும் பலர். அவர்க்கும் இப்பொருள் அயலானதன்று. இறுதியில் அவர் நிலையையும் நோக்குவோம்.

உலகத்து நாடுகள் பிரசாவுரிமையை இரண்டு நெறிகளுள் ஒன்றையோ இரண்டையுங் கலந்தோ வழங்கி வருகின்றன. பிறந்த மண்ணைக் கொண்டு உரிமை கொடுப்பது ஒரு நெறி. ஐக்கிய அமெரிக்காவில் 1868 இல் நிறைவேறிய பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம் இந்நெறியைத் தழுவியது. அடிமைகளாக இருந்தோரின் மக்களைப் பிரசைகளல்லர் என ஒருவரும் கூறாதிருத்தற்பொருட்டே அது எழுந்தது. பெற்றோரின் உரிமையைக் கொண்டு பிள்ளைக்கு உரிமை கொடுப்பது மற்றைய நெறி. பிரித்தானியராட்சிக் காலத்தில் இலங்கையிற் பிறந்தோர் யாவரும், தந்தை எங்கே பிறந்தவராயினும், பிரித்தானியப் பேரரசின் குடிகளாகவே கொள்ளப்பட்டனர். அஃதாவது மண்வழி நெறியே ஈண்டு வழங்கியது. சுதந்திரம் பெற்ற பத்து மாதங்களுக்குள் அது மாறிற்று.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவெம்பர் 15 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் பிரசைகளை இருவகையினராக வகுத்தது: வம்சாவழியாற் பிரசையாவோர், பதிவினாற் பிரசையாவோர். மேற்குறித்த திகதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமாயின், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். வெளிநாட்டிற் பிறந்தவராயின், தந்தையும் பாட்டனாரும், அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அத்திகதிக்குப் பின்னர் இலங்கையிற் பிறப்போர்க்கு விதி எளிது: பிறக்கும் வேளையிலே தந்தை பிரசையாயின் பிள்ளையும் பிரசை. தாயின் உரிமை அக்காலத்திற் கணக்கில் வரவில்லை. தாய்தந்தையர் சட்டப்படி மணம் புரியாதவிடத்து மாத்திரமே தந்தையின் இடத்திலே தாய் வைத்து எண்ணப்பட்டாள். பெற்றோர் யாரென அறியப்படாது கைவிடப்பட்ட குழந்தையை, மறுதலை நிரூபிக்கப்படும்வரை, வம்சாவழிப் பிரசையெனக் கொள்ளுமாறும் சட்டம் விதித்தது.

பதிவினாற் பிரசையாதற்குரிய வாயில் மிகக் குறுகியது. தாய் இலங்கைப் பிரசையாயிருந்து, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இங்கு வசித்திருப்பின் விண்ணப்பிக்கலாம். பிரசை ஒருவரை மணந்தோர்க்கும் வழியிருந்தது. இவையன்றிப் பொதுச்சேவையினாற் சிறப்புற்றோர் போன்ற சிலரை மந்திரி தாமே பதியலாம். அதுவும் ஆண்டொன்றுக்கு 25 பேருக்கு மேற்படாமல்.

சட்டத்தின் வாசகத்திலே சாதியோ இனமோ குறிக்கப்படவில்லை. சிங்களவரும், யாழ்ப்பாணத்தவரும், வன்னியாரும், தோட்டத் தொழிலாளரும் ஒரே விதிக்குட்பட்டவரே. எனினும் நடைமுறையில் அதன் பாரம் ஒரு பகுதியினர்மேலேயே விழுந்தது. பிறப்பைப் பதிவு செய்வது இந்நாட்டிற் கட்டாயமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே. ஆகவே 1948 இல் நாற்பது வயதினரான ஒருவர் தம் தந்தையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைக் காட்டுவது பெரும்பாலும் இயலாத காரியம். உடையார்கட்டில் ஏழு தலைமுறையாக வாழ்ந்த கமக்காரரிடத்தும் அப்பத்திரம் இருந்திராது. ஆனால் அவரை அதுபற்றி ஒருவருங் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்து, அதே லயத்தில் மணமுடித்து, அதே லயத்திற் பேரரைக் கண்டவரிடம் கேட்கப்பட்டது. அவர் தந்தை இலங்கையிற் பிறந்தவரேயாயினும், அதனை மெய்ப்பிக்க இயலாதவிடத்து, சட்டப்படி பிரசையாகவும் உத்தியோகத்தர் கண்ணிற் பிறநாட்டவராகவும் அவர் நின்றார். எமது கருத்தின்படி, இச்சட்டத்தின் கூர்மையான பகுதி அதன் விதியிலன்று, நிரூபிக்கும் சுமையை யார்மேல் வைத்தது என்பதிலே உளது.

அடுத்து வந்தது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வசித்திருந்தால் இதன்கீழ்ப் பதிவு பெறலாம். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு தவணை கொடுக்கப்பட்டது. 1951 ஓகஸ்டில் அது முடிவுற்றது. ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள் வந்தன. குடும்பத்தவரையுஞ் சேர்த்து எண்ணின் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உரிமை கோரினர் என்க. பதிவு பெற்றோரோ ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. “இடையறாத வசிப்பு” என்னும் சொற்றொடரே பெரும்பாலோர்க்கு முட்டுக்கட்டையாயிற்று. ஊரிலே தமக்கையின் கலியாணத்துக்கென்று போய் நோயுற்று ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் வசிப்பு அறுந்தது. கணவன் இங்கிருக்க மனைவி தன் தாய்வீட்டிலே திருச்சிராப்பள்ளிச் சில்லாவில் இருந்திருந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படும். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஒருவிதமாகவும், குழந்தையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தமையாற் கெட்ட விண்ணப்பங்களும் உண்டு. எழுதியவர் தோட்டத்துக் கிளாக்கர். பயனை அனுபவித்தவர் தொழிலாளி.

இம்மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த 1948 டிசெம்பரில் வன்னியின் பிரதிநிதி செய்ததை இம்மலரின் வாசகர் அறிந்திருத்தல் நன்று. அக்காலத்தில் முல்லைத்தீவு தனி மாவட்டமன்று; வவுனியா மாவட்டத்துள் அடங்கியிருந்தது. வவுனியாத் தொகுதி உறுப்பினராயும் வர்த்தக மந்திரியாயுமிருந்த செல்லப்பா சுந்தரலிங்கம், முன்னர் கணிதப் பேராசிரியராயிருந்தவர், வாக்கெடுப்பு வேளையிற் சபையை விட்டு வெளியேறினார். பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்கா விளக்கங் கேட்கவே மந்திரிப் பதவியைத் துறந்தார். ஜீ. ஜீ. பொன்னம்பலம் மந்திரி சபையிலிருந்தவாறே மசோதாவை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரினின்றும் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். தமிழ்க் கட்சிகளின் பிளவு முதன்முதல் பிரசாவுரிமையை முன்னிட்டே நிகழ்ந்ததென்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். சுந்தரலிங்கம் வெளியேறிய அதே மாதத்திற்றான், பாரிஸ் நகரிலே ஐக்கிய நாடுகள் சபை, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் உரிமை உண்டென அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் பதினைந்தாம் உறுப்பில் எழுதிற்று. இலங்கை அக்காலத்தில் அச்சபையின் உறுப்பு நாடன்று.

பிரசைகளல்லாதார்க்கு வாக்கில்லை என்பது 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் உறுதியாயிற்று. 1947 இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அடுத்த தேர்தலில் தன் வாக்காளரையே இழந்து நின்றது. வாக்காளர் இடாப்பிற் பெயர் மறுக்கப்பட்ட கொடக்கன் பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு, உயர் நீதிமன்றத்தைக் கடந்து இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. ஒரு சமூகத்தாரை மாத்திரம் இடர்ப்படுத்தும் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானதென வாதிடப்பட்டது. தன் பிரசைகள் யாரென வரையறுப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரமே என்று கூறி 1953 இற் கோமறைக் கழகம் வழக்கைத் தள்ளியது. வாசகத்தைப் பார்த்தோர்க்கு அத்தீர்ப்புச் சரியெனவே தோன்றும். லயத்தைப் பார்த்தோர்க்கு அங்ஙனந் தோன்றுதல் அரிது.

இலங்கைப் பிரசையல்லரெனில் இவர்கள் இந்தியப் பிரசைகளாவரன்றோ என எண்ணுவோர் உளர். அஃது அங்ஙனமன்று. இந்திய அரசியலமைப்பின் எட்டாம் உறுப்பின்படி, பிரிவுபடாத இந்தியாவிற் பிறந்தாரின் மக்களும் பேரரும் வெளிநாட்டில் வசிப்பின், இந்தியத் தூதரகத்திற் பதிந்துகொண்டாலே பிரசையாவர். பதியாதார் இந்நாட்டினருமல்லர், அந்நாட்டினருமல்லர். “நாடற்றோர்” என்னும் சொல் இவ்வாறே தமிழில் வழக்குப் பெற்றது.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றோர் தொகை 975,000 எனக் கொள்ளப்பட்டது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் பேசிக்கொண்டனர். 1974 இல் அவ்வெச்சத்தையும் 75,000 ஆகப் பாதி பாதியாகப் பிரித்தனர். ஒப்பந்தத்தை நிறைவேற்ற 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் விருப்பங் கேட்டிலர். பின்னர் விண்ணப்பங் கோரியபோது, இந்தியாவை வேண்டினோரிலும் இலங்கையை வேண்டினோரே மிகுதியாயினர். கணக்கு ஒருபுறமும் மனிதர் மறுபுறமுமாக நிற்கவே, 1981 இல் ஒப்பந்தக் காலம் முடிந்தபோதும் காரியம் முடியவில்லை. 1984 இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பற் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையிலே பெற்றும் பயணப்படாதோர் பல்லாயிரவர் இங்கேயே தங்கினர்.

இனி, சட்டங்களின் வரிசையை விடுத்து ஒரு குடும்பத்தை நோக்குவோம். இது எம்மாற் பாவனையாக அமைக்கப்பட்டதேயாயினும், வன்னியில் இத்தகைய குடும்பம் அருமையன்று. பாட்டனார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து பதுளைத் தோட்டமொன்றுக்கு வந்தவர். தந்தை அத்தோட்டத்திலே 1936 இற் பிறந்தார். பாட்டனார் இந்தியாவிற் பிறந்தவராதலின், 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தை இலங்கையிற் பிறந்தும் பிரசையல்லர். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாட்டனார் செய்த விண்ணப்பம், அவர் ஊர் சென்று பதினான்கு மாதம் தங்கியமையால் மறுக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் தந்தை இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து 1973 இற் பதிவு பெற்றார். மூத்த மகன் 1966 இற் பிறந்தவன். தந்தை அப்போது நாடற்றவர். ஆகவே அவன் தந்தையின் பதிவோடு சேர்த்துப் பதியப்பட்ட பிரசை. இளைய மகள் 1975 இற் பிறந்தாள். அவள் பிறந்தபோது தந்தை பிரசையாதலின் அவள் வம்சாவழிப் பிரசை. அவளுக்குப் பதிவுப் பத்திரமே வேண்டுவதில்லை, தந்தையின் பதிவுப் பத்திரமும் தன் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் போதும். தாயோ மணமாகுமுன் தன் பெற்றோரின் விண்ணப்பத்தில் இந்தியாவுக்கெனச் சேர்க்கப்பட்டவள். ஒரே அடுப்பிலே உண்ணும் நால்வருள் ஒருவர் பதிவாற் பிரசை, ஒருவன் தந்தையோடு பதியப்பட்டவன், ஒருத்தி வம்சாவழியாற் பிரசை, ஒருத்தி இந்தியக் கடவுச்சீட்டுக்குரியவள். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இந்நால்வரும் வன்னிக்கு வந்து குடிசை கட்டினர் என்று கொள்க.

தாயின் நிலை 2003 ஆம் ஆண்டுவரை தீரவில்லை. அதற்கு முன்னர் இரண்டு சட்டங்கள் வந்தன. 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவின் பங்கிற் சேர்க்கப்பட்டும் அந்நாட்டுக்கு விண்ணப்பியாத 94,000 பேரையும் இலங்கையின் பங்கிற் சேர்த்து, 469,000 என்னும் தொகைக்கு வழி செய்தது. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பம் என்னும் தொல்லையையே பெரும்பாலும் நீக்கியது. இந்தியாவுக்கு விண்ணப்பித்த 506,000 பேரும் அவர் வழியினரும் நீங்கலாக, சட்டப்படி இங்கு வதியும் இந்திய வம்சாவழியினர் யாவரும் பிரசைகளாவர். சத்தியக் கடதாசி ஒன்று அதற்குச் சான்றாகும். எமது பாவனைக் குடும்பத்துத் தாய் அந்த 506,000 பேருள் அடங்கியவள். ஆதலின் இச்சட்டமும் அவளைத் தொடவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே அவளுக்குக் கதவு திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவழியினரும், இங்கு வதியும் அவர் சந்ததியாரும் இச்சட்டத்தாற் பிரசைகளாயினர். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் இலங்கைப் பிரசாவுரிமையை விரும்பி ஏற்பதாக ஒரு பிரகடனத்திற் கையொப்பமிடுதல் போதியதாயிற்று. இச்சட்டம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியதென்பதும் குறிப்பிடத்தக்கது. 1948 ஐ அறிந்தோர் இதனை வியப்போடு நோக்கியிருப்பர்.

அதே ஆண்டில் வேறொரு திருத்தமும் வந்தது. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தினால் தந்தை, தாய் ஆகிய இருவருள் எவர் பிரசையாயினும் பிள்ளை பிரசை என்றாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாய்வழி உரிமை மறுக்கப்பட்டு வந்ததென்பதை எண்ணுக. (இடைப்பட்டதொரு செய்தி: சீன வம்சாவழியினரான ஒரு சிறு தொகையினரும் நெடுங்காலம் நாடற்றோராய் இருந்தனர். அவர்க்கென 2008 இல் 38 ஆம் இலக்கச் சட்டம் தனியே இயற்றப்பட்டது.)

இனிப் பத்திரங்களைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 2009 சனவரியில் உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் உள்ளிட்ட நிலப்பரப்பு பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டது. அங்கு அடைந்த மக்கள் எறிகணைகளின் நடுவே மேலும் கிழக்கே பெயர்ந்தனர். எஞ்சியோர் வவுனியா செட்டிகுளத்து முகாம்களை அடைந்தபோது உடுத்த உடையன்றி வேறொன்றுமில்லாதோர் பலர். பெட்டியிலும் கூரையிடுக்கிலும் காத்து வைத்த பதிவுப் பத்திரங்கள் பதுங்குகுழிகளிற் புதைந்தன. அதன்பின் சிலர், “பத்திரம் போயிற்று, இனிப் பிரசாவுரிமையும் போயிற்று” எனக் கலங்கினர். அக்கலக்கம் தேவையற்றது. பத்திரம் உரிமைக்குச் சான்றேயன்றி உரிமையன்று. பத்திரம் எரிந்தமையால் எவரும் பிரசாவுரிமையை இழப்பதாகச் சட்டத்தில் எவ்விடத்தும் இல்லை.

மலைநாட்டிலிருந்து வந்தோர்க்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. அவர்களுள் முதியோரின் பிறப்பு பதியப்பட்டது பதுளையிலோ நுவரெலியாவிலோ மாத்தளையிலோ ஆகும். அங்குள்ள இடாப்புகள் வன்னிப் போரிற் சேதமுறவில்லை. பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பித்தால் பிரதி பெறலாம். பதிவினாற் பிரசையானோரின் விபரம் கொழும்பிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தைச் சார்ந்தது. எந்த ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தந்தை பதியப்பட்டார் என்பது தெரியுமாயின் தேடுதல் எளிதாகும். தெரியாதவிடத்து, வீட்டிலுள்ள முதியோரை வினவி, விண்ணப்பித்த ஆண்டு, அப்போதிருந்த தோட்டத்தின் பெயர், டிவிசன், பெயரை எழுதிய விதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இக்குறிப்பை எழுதும் பணியை எமது பழைய மாணவர்கள் மேற்கொள்வராயின் அது பெரிதும் பயன்படும். பிறப்பே பதியப்படாதிருந்தால், காலங்கடந்த பதிவுக்கும், அதுவும் இயலாவிடின் உத்தேச வயதுச் சாட்சிப்பத்திரத்துக்கும் ஏற்பாடு உண்டு. வம்சாவழிப் பிரசாவுரிமை ஐயத்துக்கிடமாயின், அதனை உறுதிப்படுத்தும் அத்தாட்சிப் பத்திரமொன்றை மந்திரியிடம் கோருவதற்கும் 1948 ஆம் ஆண்டுச் சட்டமே இடந்தருகின்றது.

தேசிய அடையாள அட்டையைக் கொண்டே எல்லாம் முடியுமென்று எண்ணுவதும் தக்கதன்று. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அவ்வட்டை பிரசைகளுக்குரியதே. ஆயினும் பிரசாவுரிமையைத் தருவது அட்டையன்று.

தமிழ்நாட்டு முகாம்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் காரியம் சற்றுச் சிக்கலானது. மேற்கூறிய குடும்பத்து இளைய மகள் 1990களில் படகேறிச் சென்று, அங்கு மணமுடித்து, முகாமிலே ஒரு மகனைப் பெற்றாள் என வைத்துக்கொள்வோம். 1987 யூலை 1 ஆந் திகதிக்குப் பின்னர் இந்தியாவிற் பிறந்தவர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியப் பிரசையாயிருந்தாலன்றி, பிறப்பினால் இந்தியப் பிரசையாகார். அத்திகதிக்கு முன்னர் பிறந்தோர்க்கு இக்கட்டுப்பாடு இல்லை. 1986 இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கட்டளையிட்டது இந்நுணுக்கத்தைக் கொண்டே. 2019 ஆம் ஆண்டில் இந்தியா இயற்றிய திருத்தச் சட்டம் பாக்கிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே குறித்தது. இலங்கையிலிருந்து சென்றோர் அதில் இடம்பெறவில்லை. ஆகவே முகாமிற் பிறந்த அம்மகன் இலங்கைப் பிரசையாக வேண்டுமாயின், அவன் பிறப்பு இலங்கைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்கீழ் சென்னையிலுள்ள உதவித் தூதரகத்திலோ கொழும்பிலோ பதியப்படல் வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் பதிதல் விதி. தக்க காரணங் காட்டின் பின்னரும் பதிய மந்திரி அனுமதிக்கலாம். இந்தியப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் மாத்திரம் கையிலிருக்க வன்னிக்குத் திரும்பிய பிள்ளை, பாடசாலையிற் சேர்ந்துவிடும். பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கப்படும்போதே இடர் தோன்றும். முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவழியினர் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கவில்லை என்னுங் காரணத்தால் உரிமையிழத்தல் கூடாதென 2009 இல் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தை அறிந்தோர் சிலரே.

பிரசாவுரிமையை இழத்தல் எவ்வாறு என்பதை இனிக் கூறுவோம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்பு, வம்சாவழியினராயினும் பதிவு பெற்றவராயினும் எல்லாரும் “இலங்கைப் பிரசை” என்னும் ஒரே பெயராலேயே வழங்கப்படுவர் என்கின்றது. பெயர் ஒன்றாயினும் பாதுகாப்பு ஒரு தன்மையதன்று. வம்சாவழிப் பிரசையின் உரிமையை, அவர் தாமே துறந்தாலன்றி, அல்லது பிறநாட்டுப் பிரசாவுரிமை பற்றிய விதிகளுக்குட்பட்டாலன்றி, எவரும் நீக்க இயலாது. பதிவு பெற்றவரின் உரிமையையோ, பொய்யான விபரங் கூறிப் பெற்றமை, நெடுங்காலம் வெளிநாட்டிற் றங்கியமை, அரசுக்கு விசுவாசமின்மை முதலிய காரணங்களுக்காக மந்திரி நீக்கலாம். எமது பாவனைக் குடும்பத்திலே தமையனுக்கு இல்லாத உறுதி தங்கைக்கு உண்டு என்பது இதனாற் பெறப்படும். ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி: 1980 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவிடமிருந்து ஏழாண்டுக்கு நீக்கப்பட்டது குடியியல் உரிமை; அஃதாவது வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவுமுள்ள உரிமை. அவர் பிரசையாகவே இருந்தார். பத்திரிகைகள் இவ்விரண்டையும் “குடியுரிமை” என்னும் ஒரு சொல்லால் எழுதுவது மயக்கத்துக்கிடமாகின்றது.

கடல் கடந்த எமது பழைய மாணவர் பலர்க்குத் தெரியாத செய்தி இஃது: வேறொரு நாட்டின் பிரசாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்ற அக்கணமே இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போகின்றது. கடிதம் வராது, பிறப்புச் சாட்சிப்பத்திரம் கையிலிருக்கும், பழைய அடையாள அட்டையும் இருக்கும். ஆயினும் உரிமை இல்லை. அகதியாக ஏற்கப்படுதலோ நிரந்தர வதிவு பெறுதலோ இவ்விளைவைத் தருவதன்று. பிறநாட்டுப் பிரசையாதலே தரும். 1987 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் திருத்தத்தின்படி, அது இலங்கைக்கு நன்மையென மந்திரி கருதுவாராயின், இழந்த உரிமையை மீளப் பெறவோ, இழக்குமுன் தக்கவைத்துக்கொள்ளவோ விண்ணப்பிக்கலாம். இதுவே இரட்டைப் பிரசாவுரிமை எனப்படுவது. இவ்வுரிமையுடையோர் பாராளுமன்ற உறுப்பினராதலை 2015 இற் பத்தொன்பதாவது திருத்தம் தடுத்தது. 2020 இல் இருபதாவது திருத்தம் அத்தடையை நீக்கிற்று. 2022 இல் இருபத்தோராவது திருத்தம் மீண்டும் தடுத்தது.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிறநாட்டவர் இங்கு காணியை உரிமையாக வாங்குதல் பொதுவாக இயலாது. பெற்றோரின் காணியை முதுசமாகப் பெறுவதற்கும், இரட்டைப் பிரசாவுரிமை உடையோர்க்கும் விலக்கு உண்டு. ஆயின் வன்னியிற் பெரும்பாலான காணிகள் உறுதிக் காணிகளல்ல, அரச அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றில் பின்னுரித்து வேறு விதிகளாற் செல்லும், அப்பொருள் தனிக்கட்டுரைக்குரியது.

பிள்ளைகளின் நிலையும் அத்தகையதே. தொரன்ரோவில் வாழும் எமது மாணவர் ஒருவர் கனேடியப் பிரசையாகுமுன் அங்கு பிறந்த மூத்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்திற் பதியலாம். பிறக்கும்போது தந்தை இலங்கைப் பிரசையன்றோ. பிறப்பினாலேயே கனேடியப் பிரசாவுரிமையும் உடைய அப்பிள்ளை 22 வயது கடக்குமுன் எதனை வைத்துக்கொள்வதென முடிவு செய்தல் வேண்டும். தவறின் இலங்கையுரிமை தானே நீங்கும். தாய் தந்தையர் இருவரும் கனேடியப் பிரசைகளான பின்னர் பிறந்த இளைய பிள்ளைக்கு அவ்வழி இல்லை. பெற்றோர் பின்னர் இரட்டைப் பிரசாவுரிமை பெறினும், அது பெற்ற நாள்முதலே செல்லுமாதலின், முன்பிறந்த பிள்ளையை அது சேராது.